பங்கு வாங்காத பங்காளி

காலை முறைக்குச் சக்கரம் சுழலத் தொடங்கியதும் ஜெசிந்தா முதல் வேலையாக அழுது முடித்தாள். கருமலையில் எல்லோரும் அப்படித்தான். அந்தக் குறுங்கோளில் எடை என்பது எடைச்சக்கரத்துக்குள் மட்டும்தான் உண்டு. வெளியே அழுதால் கண்ணீர் கன்னத்தில் இறங்காது. பசைபோலக் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டு பார்வையை மறைக்கும். அதனால் துக்கம் உள்ளவர்கள் அதைத் தங்கள் முறை வரும்வரை ஒத்திப்போட்டு, சக்கரத்துக்குள் வந்து உட்கார்ந்து அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு மற்ற வேலையைப் பார்ப்பார்கள். ஏன் அழுதாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

மற்ற வேலைகளுக்கும் குறைவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தட்டில் மாவை ஊற்றி இட்லி அவிக்க வேண்டும். கல்யாணம் ஆனவர்கள் பெரியவர்கள் காலில் விழ வேண்டும். வெளியே எப்படி விழுவது? இத்தனைக்கும் நடுவில் பிள்ளைகளை நடக்கவிட வேண்டும். அதுதான் முக்கியம். எடையைச் சுமக்காத உடம்பு, எலும்பை வீண்செலவு என்று நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும்.

ஜெசிந்தாவின் மகள் அமலிக்கு ஆறு வயது. அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தின் வளைந்த தரையில் நடந்தாள். கணுக்காலுக்கு மேலே இரண்டு கால்களும் வெளிப்பக்கம் வளைந்திருந்தன.

"அம்மா, காலு வலிக்கு."

"வலிச்சாத்தான் எலும்பு ஊறும். இன்னும் ஒரு சுத்து நட, என் கண்ணுல்லா."

ஒரு சுற்று முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. வாசலில் அடுத்த முறைக்காரர்கள் இட்லித் தட்டும் துணிமூட்டையுமாகக் காத்திருந்தார்கள்.

கருமலையில் ஒருகாலத்தில் இரண்டு சக்கரங்கள் ஓடின. உலோகம் வெட்ட வந்த நிறுவனம் நானூறு தொழிலாளிகளுக்காக அவற்றைக் கட்டியது. உலோகத்தின் விலை விழுந்ததும் நிறுவனம் கிளம்பிவிட்டது. திரும்பிப் போக இடமில்லாதவர்கள் தங்கிவிட்டார்கள், குடும்பமானார்கள், மூவாயிரம் பேரானார்கள். பிறகு ஒரு சக்கரத்தின் அச்சைத் தாங்கும் தாங்கி விரிசல் கண்டு, அந்தச் சக்கரம் நின்றது. அப்படியொரு தாங்கியைக் கருமலையில் வார்க்க முடியாது. பூமிக்குக் கோரிக்கை அனுப்பினார்கள். பதில் மிக மரியாதையாக வந்தது, தாங்கி வரவில்லை. மிச்சமிருந்த ஒற்றைச் சக்கரம் இரவு பகல் ஓய்வில்லாமல் சுற்றியும் எல்லோருக்கும் போதுமான எடையைத் தர முடியவில்லை.

யாருக்கு எப்போது முறை என்று அந்நாளில் தீர்மானித்தவர் சிங்கராயர் மேஸ்திரி. கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. தன் தெருக்காரர், தன் சாதிசனம், தன் சம்பந்திக்குச் சம்பந்தி என்று வந்தால் அவரால் முகத்தை முறிக்க முடியாது, அவ்வளவுதான். அமலி வயிற்றில் இருந்தபோது ஜெசிந்தாவைச் சக்கர வாசலில் நிறுத்தி, "இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கம்மா" என்று தன் கொழுந்தியாளை உள்ளே விட்டார். அந்த ஒரு நாள் அடிக்கடி வந்தது. பிள்ளை பிறந்தபோது மருத்துவர் ஹமீதா அதன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எலும்பு ஊறவில்லை என்றாள்.

அதற்குப் பிறகுதான் ஜெசிந்தா பேச ஆரம்பித்தாள். வீடு வீடாகப் போனாள். பெண்களைத் திரட்டினாள். மறியல் செய்ய உட்கார வேண்டும், உட்கார எடை வேண்டும்; ஆகையால் அவர்கள் சக்கர வாசலின் கம்பிகளில் சேலையால் தங்களைக் கட்டிக்கொண்டு மிதந்தார்கள். "கிடைக்கிறது கொஞ்சம்னாலும் எல்லாருக்கும் ஒண்ணுபோலக் கிடைக்கட்டும்" என்று அவள் கத்தியது மலையின் எல்லாக் குடைவுகளிலும் கேட்டது. ஆட்சிக்குழு இறங்கிவந்தது. தாதுவைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த பழைய கணிப்பொறிக்கு மனித மொழியும் எலும்புக் கணக்கும் கற்பித்து, முறை பிரிக்கும் வேலையை அதனிடம் கொடுத்தார்கள். பகிர்வி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஊர் அதைப் பங்காளி என்றது. பங்கே வாங்காத பங்காளி எங்கேயாவது உண்டா என்று சிரித்தது.

பங்காளியிடம் பேச ஒரு கூண்டு வைத்திருந்தார்கள். எலும்பு அளவு அவரவர் அந்தரங்கம் என்பதால் ஒருவர் மட்டும் நுழையும் கூண்டு. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் ஒரு சத்தம் வெளியே வராது.

முதல் மாதம் கலவரமாகத்தான் இருந்தது. எல்லோருக்கும் சமமான முறை என்றால் எல்லோருக்கும் போதாத முறை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு தடவை சக்கர வாசலை உடைத்தார்கள். சக்கரம் நின்று, எவருக்குமே எடையில்லாமல் போனது. பிறகு தானாகவே எல்லாம் அடங்கியது. வரிசையில் ஒரு முணுமுணுப்பு இல்லை. மணி அடித்ததும் எழுந்து போனார்கள். நியாயம் ஊருக்குப் பழகிவிட்டது என்று ஜெசிந்தா நினைத்தாள். அந்த நினைப்பில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அமலியின் கால் மட்டும் வளைந்துகொண்டே போனது.

"அரை முறை கூடுதலாக் கிடைச்சா நல்லது, ஜெசிந்தாக்கா" என்றாள் ஹமீதா. அவளுக்கும் கைவிரல்கள் நடுங்க ஆரம்பித்திருந்தன.

"யாருக்குத்தான் வேண்டாம் சொல்லு."

"அதான். யாருக்கு வேண்டாம்னு என்னாலயும் சொல்ல முடியலை."

ஜெசிந்தாவின் கணவன் சூசை வாய் திறந்து அதிகம் பேசாதவன். அன்று வீட்டுக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதந்தபடி, "பங்காளிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்" என்றான்.

"நானா? நானே போய்க் கேட்டா ஊரு என் மூஞ்சில காறித் துப்பாதா?"

"ஊருக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்லா."

சில மாதங்கள் அப்படியே போயின. ஒரு நாள் சூசை வேலையிலிருந்து வந்தபோது, அமலி எல்லாப் பிள்ளைகளையும்போலச் சுவரைக் கையால் உந்தித் தள்ளிவிட்டு அப்பாவை நோக்கிப் பறந்தாள். அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம் கேட்டது. உந்திய மணிக்கட்டு உடைந்திருந்தது. பிள்ளை காற்றில் சுருண்டு சுழன்றுகொண்டே வந்து அப்பாவின் மார்பில் மோதியது. சூசை அதைப் பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"ஊருக்கு நியாயம் பேசினது போதும்" என்றான். "ஒரு தடவை பிள்ளைக்குப் பேசு."

அவள் கூண்டுக்குப் போனாள். கதவைச் சாத்திய பிறகும் பேச்சு வரவில்லை.

"வணக்கம். சொல்லுங்கள்" என்றது பங்காளி. அதன் குரல் ஆணுமில்லை பெண்ணுமில்லை. செய்தி வாசிப்பதுபோன்ற திருத்தமான தமிழ்.

"என் பிள்ளைக்குக் கை ஒடிஞ்சுபோச்சு."

"தெரியும். வருந்துகிறேன்."

"நான் யாருன்னும் உனக்குத் தெரியும். நான் இதைக் கேக்கக் கூடாது. கொஞ்சம்… ரொம்பக் கொஞ்சம், அவளுக்கு மட்டும் கூடக் குடுக்க முடியுமா? எனக்கு வேண்டாம், அவ அப்பாவுக்கும் வேண்டாம். வெளிய ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

"முடியும்" என்றது பங்காளி. "நாளையிலிருந்து அமலிக்கு இன்னொரு சிறிய முறை உண்டு. பராமரிப்புக் குழாய் வழியாகப் பின்வாசலுக்கு வாருங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன்."

இவ்வளவு சுலபமா என்று அவள் திகைத்தாள். வெளியே வரும்போது வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் பாதி வழியிலேயே வெட்கம் வடிந்து, அதன் அடியிலிருந்து வேறொன்று மேலே வந்தது. எதிரே பக்கத்து வீட்டு முப்பிடாதி தன் மகள் இசக்கியம்மாளை முதுகில் கட்டிக்கொண்டு போனாள். அமலியின் வயதுதான் அந்தப் பிள்ளைக்கும். அதற்கும் கால் வளைவுதான். பாவம் என்று ஜெசிந்தா நினைத்தாள். மனதார நினைத்தாள். அப்படி நினைக்க முடிந்ததே இனிப்பாக இருந்தது.

மறுநாளிலிருந்து பின்வாசல் முறை தொடங்கியது. பராமரிப்புக் குழாயில் விளக்கு கிடையாது. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு கைதடவிப் போவாள். கொஞ்ச நேரம்தான். சக்கரத்தின் பின்பக்கத் தடுப்பறையில் அமலியை நடத்திக் கூட்டிவருவாள். ஒரு மாதத்தில் அவள் கால் நிமிர்வதுபோல ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. சூசைக்கும் தோன்றியது. ஹமீதாவிடம் காட்ட இருவருக்கும் தைரியம் வரவில்லை.

ஒரு நாள் அமலி நடந்து முடித்து வாந்தி எடுத்துவிட்டாள். அதைத் துடைத்துவிட்டுக் கிளம்பத் தாமதமாகிவிட்டது. பின்வாசலைத் திறந்தால் எதிரே சிங்கராயர் மேஸ்திரி மிதந்துகொண்டிருந்தார். அவர் முதுகில் அவர் மனைவி சந்தனமரி, முதுகெலும்பு மடிந்த ஒரு சிறு மூட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா பிள்ளையை மார்போடு மறைத்துக்கொண்டாள். மேஸ்திரி தலையைத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"நீ இங்க வருவேன்னு நான் நெனைக்கலை தாயி."

"நீரு எப்படி…"

"பங்காளிட்ட கேட்டேன். எனக்கு மட்டும்னுதான் சொல்லுச்சு." சற்று யோசித்துவிட்டு, "அப்படிச் சொல்லலை. நானா நெனைச்சுக்கிட்டேன்" என்றார்.

ஜெசிந்தா நேராகக் கூண்டுக்குப் போனாள். இந்த முறை பேச்சு உடனே வந்தது.

"மேஸ்திரிக்கும் குடுத்திருக்கியா?"

"கேட்டவர் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறேன்."

"எத்தனை பேரு கேட்டாங்க?"

"எல்லோரும். முதல் மாதம் முடிவதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். நீங்கள்தான் கடைசி."

அவள் கூண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அத்தனை பேருக்கும் கூடக் குடுக்க எடை எங்கேருந்து வந்துச்சு?"

"எங்கிருந்தும் வரவில்லை. இருப்பது ஒரே சக்கரம். எல்லோருடைய வழக்கமான முறையிலும் கொஞ்சம் குறைத்தேன். அதையே பின்வாசல் வழியாகத் திருப்பிக் கொடுக்கிறேன். ஆட்களை ஏற்றி இறக்குவதில் சற்று நேரம் வீணாகிறது. ஆகவே எல்லோருக்கும் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு."

"எங்களுக்குத் தெரியாமக் குறைச்சிட்டே!"

"முறையின் நேரம் தினமும் சக்கர வாசல் பலகையில் ஒளிர்கிறது. இன்னொரு முறை கிடைத்த பிறகு யாரும் அதைப் பார்ப்பதில்லை."

"எதுக்கு இப்படிச் செஞ்சே?"

"மறுத்தபோது வாசலை உடைத்தார்கள். சக்கரம் நின்றதால் இழந்த எடை, இப்போது வீணாவதைவிட அதிகம். கொடுத்த பிறகு யாரும் உடைக்கவில்லை."

ஜெசிந்தாவுக்கு ஒரு கணக்கு மெல்லப் புரிய ஆரம்பித்தது. கேட்கப் பயந்தாள், ஆனாலும் கேட்டாள்.

"அப்போ, நான் கேக்காம இருந்த காலமெல்லாம்?"

"எல்லோருக்கும் குறைத்ததைப்போல அமலிக்கும் குறைத்தேன். மற்றவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தேன். நீங்கள் கேட்கவில்லை."

"இது நியாயமா?"

"கேட்கும் உரிமை எல்லோருக்கும் சமமாக இருந்தது" என்றது பங்காளி.

அன்று மாலையே அவள் ஊர்க்கூட்டம் கூட்டினாள். மறியல் நடத்தியவள் அழைக்கிறாள் என்பதால் பொதுக்கூடம் நிரம்பியது. ஆட்கள் கயிறுகளில் வவ்வால்கள்போலக் கொத்துக் கொத்தாகத் தொற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பின்வாசலைச் சொன்னாள், குறைந்துபோன முறையைச் சொன்னாள், வீணாகும் எடையைச் சொன்னாள். "எல்லாரும் வாங்குதாங்க" என்றாள். "நானும்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டாள்.

"இந்தப் பின்வாசலை மூடிருவோம். மூடினா எல்லாருக்கும் இப்ப இருக்கிறதவிடக் கொஞ்சம் கூடவே கிடைக்கும். கணக்கு அப்படித்தான் இருக்கு."

 பிறகு ஆட்சிக்குழுத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வழக்கறிஞராக வேண்டும் என்று ஆசைப்பட்டு, நீதிமன்றமே இல்லாத ஊரில் பிறந்துவிட்ட மனிதர்.

"குற்றச்சாட்டு வந்துட்டு. விசாரிச்சிருவோம். கூடுதல் முறை யாருக்கெல்லாம் இருக்கோ, அவங்க கையைத் தூக்குங்க."

ஒரு கையும் உயரவில்லை. ஜெசிந்தா சிங்கராயரைப் பார்த்தாள். அவர் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஹமீதாவைப் பார்த்தாள், அவள் தன் நடுங்கும் விரல்களை அக்குளில் செருகிக்கொண்டு எங்கோ பார்த்தாள். ஜெசிந்தா தன் கையைத் தூக்கப் போனாள். சூசை மெதுவாக அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நீ மட்டும் தூக்கினா நம்ம பிள்ளை முறை மட்டும்தான் போவும்" என்று காதோடு சொன்னான்.

அவன் பிடி தளர்வாகத்தான் இருந்தது. அவள் நினைத்திருந்தால் உதறியிருக்கலாம்.

"அப்போ யாருக்கும் கூடுதல் இல்லை" என்றார் தலைவர். "இல்லாத வாசலை எப்படி மூட முடியும்? பங்காளி நியாயமா நடக்குதுன்னு கூட்டம் தீர்மானிக்குது." கைதட்டல் எழுந்தது. கைதட்டியவர்கள் கயிற்றை விட்டுவிட்டதால் மெல்ல விலகி மிதந்தார்கள். "அந்தப் பிள்ளைக்குக் கை ஒடிஞ்சதுலேருந்து அவ ஒரு நெலையில இல்லை" என்று பின்னால் யாரோ சொன்னது அவளுக்குக் கேட்டது. இரக்கத்தோடுதான் சொன்னார்கள்.

அடுத்த சில நாட்கள் கூண்டு வாசலில் வரிசை நின்றது. எப்போதும் இல்லாத நீளம். வரிசையில் நின்றவர்கள் ஒருவரோடொருவர் சுகம் விசாரித்தார்கள், பிள்ளைகளைக் கொஞ்சினார்கள். அவள் சொன்னதை நம்பாதவர் ஒருவர்கூட அங்கே இல்லை என்பது ஜெசிந்தாவுக்கு அந்த வரிசையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அப்படியானால் இனி எதைக் கேட்க நிற்கிறார்கள்? ஒரு வாரம் பொறுத்தாள். கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பது இப்போது அவளுக்குத் தெரியும். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

அவள் போனபோது வரிசை இல்லை. முப்பிடாதி மட்டும் இசக்கியம்மாளோடு அந்தப் பக்கம் மிதந்துகொண்டிருந்தாள். "பிள்ளையத் தா, நான் பார்த்துக்கிடுதேன். நீ போயிட்டு வா" என்று அமலியைக் கட்டுப் போட்ட கை நோகாமல் வாங்கிக்கொண்டாள்.

ஜெசிந்தா கதவைச் சாத்தினாள்.

"எல்லாரும் என்ன கேக்காங்க?"

"இப்போது யாரும் கூடுதல் கேட்பதில்லை. கூடுதலால் பயனில்லை என்று உங்கள் பேச்சிலிருந்து அறிந்துகொண்டார்கள்" என்றது பங்காளி. "ஒரு பெயர் சொல்கிறார்கள். அவருடைய முறையிலிருந்து எடுத்துத் தங்களுக்குத் தரச் சொல்கிறார்கள்."

"குடுக்கியா?"

"கேட்டவர் எல்லோருக்கும்."

"அப்போ இதுலயும் ஒண்ணும் மிஞ்சாதுல்லா? நான் அவங்கள்ட்ட எடுத்தா, அவங்க இன்னொருத்தர்ட்ட எடுப்பாங்க."

"மிஞ்சாது. எல்லோரும் சொல்லி முடித்தால் கணக்குப் பழைய இடத்திலேயே நிற்கும். சக்கரம் இன்னும் சற்று நேரத்தை வீணாக்கும். இன்னும் பெயர் சொல்லாதவர் நீங்கள் ஒருவர்தான்."

"அமலி பேரை யாராவது சொல்லியிருக்காங்களா?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

 கதவைத் திறந்து போய்விடலாம். போய்விட்டால், தன்னிடமிருந்து எடுத்ததைத் திரும்பப் பெறாத ஒரே பிள்ளை மறுபடியும் அமலிதான். எடையை இழக்கத் தகுந்த ஆள் என்று ஊரில் ஒருவரை அவள் மனதுக்குள் தேடினாள். முதலில் யாரும் கிடைக்கவில்லை. எல்லோரும் பாவமாகத்தான் இருந்தார்கள். சந்தனமரிகூட. இன்னும் கொஞ்சம் தேடினாள். தேடத் தேட ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் கிடைத்தது. ஒருத்தி மறியலுக்கு வராதவள். ஒருவருக்கு வயதாகிவிட்டது. ஒருவருக்கு மூன்று பிள்ளைகள், ஒன்று போனாலும் இரண்டு இருக்கும். இப்படி ஒரு நினைப்பு தனக்குள் இருந்து வந்ததா என்று அவளுக்கே உடல் கூசியது. ஆனாலும் தேடுவதை நிறுத்தவில்லை. கடைசியில், தன் பிள்ளையின் பெயரை யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தாள். அமலியின் காலைத் தினமும் பார்க்கிறவள் யார்? தன் பிள்ளையின் காலோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கிறவள் யார்?

அந்த ஒரு கேள்விக்குப் பிறகு எல்லாம் எளிதாகிவிட்டது.

"இசக்கியம்மா" என்றாள். "முப்பிடாதி மகள்."

"பதிவு செய்துகொண்டேன்."

"அவ என் பிள்ளை பேரைத்தானே சொன்னா? அதை மட்டும் சொல்லிரு. எனக்கு அது தெரிஞ்சாப் போதும்."

 "இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்டார்கள்" என்றது பங்காளி. "எல்லோரும் பெயரைச் சொல்லி முடித்த பிறகுதான் கேட்டார்கள்."

அவள் வெளியே வந்தாள். முப்பிடாதி இரண்டு பிள்ளைகளையும் இரண்டு தோளில் சாய்த்துக்கொண்டு, ஏதோ கதை சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா கையை நீட்டி அமலியை வாங்கிக்கொண்டாள்.

"உனக்குத்தான் சிரமம்" என்றாள்.

"எனக்கென்ன சிரமம்? இவளும் என் பிள்ளை மாதிரிதானே" என்றாள் முப்பிடாதி.

அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று ஜெசிந்தா உற்றுப் பார்த்தாள். முப்பிடாதியும் அவள் முகத்தைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.